வேலிக்கு வெளியிலிருந்து ஒரு விளக்கம்

புத்தளம்
14.6.1936

அன்புள்ள மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் எல்லாரும் சுகம். நீங்களும் மாமியும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். உம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கச்சான் காற்று தொடங்கிவிட்டதால் வீடெல்லாம் மணல். இந்தக் கடதாசியையும் ஊதி ஊதித்தான் எழுதுகிறேன்.

நீங்கள் ரயிலில் அனுப்பிய பொதி கிடைத்தது. உங்கள் புராதன ஆராய்ச்சிக் கழகத்தில் கழித்துவிட்ட பழைய சஞ்சிகைகள் என்று நான் சொன்னதும் வாப்பா, "கொழும்பில குப்பை கொட்ட இடமில்லையாக்கும், உங்கட தம்பி நமக்கு அனுப்புறார்" என்று உம்மாவைச் சீண்டினார். உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் குப்பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதில் ஒரு கட்டுரையை அகராதியும் கையுமாக இருந்து படித்தேன். விளங்காத இடங்களை சிஸ்டர் அனஸ்தாசியா வகுப்பு முடிந்தபிறகு சொல்லித் தந்தார். துருக்கி நாட்டின் மேற்குப் பக்கத்தில் முன்பு லிடியா என்று ஒரு தேசம் இருந்ததாம். அந்த மொழியைப் பேச இன்று ஓர் ஆளும் இல்லை. சார்திஸ் என்ற அவர்களுடைய பழைய நகரத்தைத் தோண்டியபோது ஒரு கல்லறைக் கல் கிடைத்திருக்கிறது. மேலே லிடிய மொழி, கீழே அதே செய்தி அரமேய மொழியில். அரமேயம் தெரிந்தவர்கள் கீழே பார்த்து மேலே உள்ளதை அவிழ்க்கிறார்கள். குகை என்பதற்கு அரமேயத்தில் உள்ள சொல், நாம் ஓதும்போது வருகிற அரபிச் சொல்லுக்குச் சொந்தக்காரி மாதிரி இருக்கிறது. அதைக் கண்டபோது தெருவில் நம்முடைய ஆளைச் சந்தித்த மாதிரி இருந்தது.

அந்தக் கல்லறைக்கு உரிய பொருள்களைக் கல் சொல்லுகிறது. பிறகு ஒரு சாபம். கல்லையோ, குகையையோ, 'லக்ரிஸா'வையோ எவன் சேதப்படுத்தினாலும் அவனுடைய முற்றத்தையும் வீட்டையும் மண்ணையும் தண்ணீரையும் அவர்களுடைய தெய்வம் அழிக்கவேண்டுமாம். இந்த லக்ரிஸா என்ன என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. கீழே அரமேயத்திலும் அந்த இடம் தெளிவில்லையாம். சுவர் என்கிறார் ஒருவர். மையித்தைக் கிடத்துகிற கட்டில் என்கிறார் இன்னொருவர். கட்டுரை எழுதியவர் "நிச்சயமாகத் தெரியவில்லை" என்று முடித்துவிட்டார். அச்சடித்த ஒரு புத்தகம் தனக்குத் தெரியாது என்று சொன்னதை நான் முதல்முறையாகக் காண்கிறேன். எங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு எல்லாம் தெரியும்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? மாமிக்கு எங்கள் எல்லாருடைய சலாமும்.

உங்கள் மருமகள்
கமறியா


கொழும்பு
29.6.1936

அன்பு மருமகள் கமறியாவுக்கு மாமா மஹ்ரூப் சலாம் கூறி எழுதுவது.

நாங்கள் சுகம். மாமிக்குத்தான் கொஞ்சம் தலைச்சுற்றல். இரண்டாம் மாதம் என்று உம்மாவிடம் மட்டும் சொல்.

உன் கடிதத்தை டிராம் வண்டியில் வாசித்து, இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். புத்தளத்தில் உட்கார்ந்து லிடியக் கல்லைப் படிக்கிறவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். எங்கள் கழகத்திலும் அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேச்சு. இங்கே வருகிற வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர், கட்டில்தான் என்று மேசையைத் தட்டிச் சொல்கிறார். பழைய மொழிகள் படித்தவர். தலைவர் துரைக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எதிர்த்துச் சொல்ல அவரிடம் ஒன்றுமில்லை.

என்னைக் கேட்கிறாய். நான் கழகத்தின் கிளாக்கன். கதிரை அடுக்குகிறவனிடம் கருத்துக் கேட்பது நீ மட்டும்தான். உனக்கு ஏதோ தோன்றியிருக்கிறது, இல்லாவிட்டால் இப்படிக் கேட்கமாட்டாய். அதை ஒழுங்காக, காரணத்தோடு எழுதி அனுப்பு. பயப்படாதே. எழுத்துக்கு வயது தெரியாது.

மச்சானுக்கும், என் தாத்தாவான உன் உம்மாவுக்கும் சலாம்.

மாமா


புத்தளம்
12.7.1936

அன்பு மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமியின் செய்தி கேட்டு உம்மா அழுது சிரித்தார். புளி போட்ட எதையும் மாமி கேட்டால் மறுக்கவேண்டாமாம். வாப்பா பாலாவி உப்பளத்தில் இருக்கிறார். இந்த வெயிலுக்கு உப்பு நன்றாக விளைகிறது.

எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். சிரிக்கவேண்டாம்.

நாங்கள் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. என் மூத்த சகோதரி சித்தி மரியம் தாத்தா மலேரியாக் காய்ச்சலில் மௌத்தான அன்று நீங்கள் எல்லாரும் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினீர்கள். நாங்கள் வாசலோடு நின்றுவிட்டோம். அவவை எந்த இடத்தில் வைத்தீர்கள் என்று நான் கண்டதில்லை. ஆனால் பள்ளிக்கூடம் போகும்போது ஒவ்வொரு நாளும் வண்டித் திரையின் இடுக்கால் மையவாடியைப் பார்க்கிறேன். தெருவிலிருந்து பார்த்தால் குழி தெரியாது, குழிமேல் நட்ட மீஸான் கட்டைகளும் தெரியாது. வேலி தெரியும். வேலிக்கு மேலே, தலைமாட்டில் ஊன்றிய கிளைகளில் எவை துளிர்த்தனவோ அவை தெரியும். கழுதைகள் வந்து கடித்துவிடும் என்று நீங்கள் முள் வெட்டிச் சுற்றிக் கட்டியதாக உம்மா சொன்னார். அதனால்தான் தாத்தாவின் பூவரசு பிழைத்தது. அந்த இலைகளைக் கொண்டுதான் அவ எங்கே இருக்கிறா என்று எனக்குத் தெரியும். யாராவது அதை வெட்டிவிட்டால், குழிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எனக்கும் உம்மாவுக்கும் தாத்தாவின் கபுறு இல்லாமல் போய்விடும்.

லக்ரிஸா கட்டில் என்று சொன்னவர் கல்லறைக்குள் நின்று யோசிக்கிறார். தோண்டப் போகிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். ஆனால் அந்தக் கல்லை எழுதினவன் வழியில் போகிறவனைப் பார்த்தல்லவா பேசுகிறான்? வழியில் போகிறவன் கையெட்டும் தூரத்தில் இருப்பதைத்தான் தொடாதே என்பான். ஆகவே அது வெளியே நின்றவர்களுக்குத் தெரிந்த பொருள். நட்டு வளர்த்த மரங்கள் என்று நான் நினைக்கிறேன். அந்த ஊரிலும் உள்ளே போகாதவர்கள் இருந்திருப்பார்கள். சாபத்தில் ஒரு சொல் அவர்களுக்காக வைக்கப்பட்டிருக்கும்.

சிஸ்டரிடம் காட்டினேன். "நிரூபணம் போதாது, ஆனால் இதைக் கேள்வியாகக் கேட்க ஒருவர் வேண்டியிருந்தது" என்றார். கழகத்தில் யாரிடமாவது காட்ட முடியுமா? என்ன சொல்கிறார்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

மாமிக்கு என் முத்தங்கள்.

கமறியா


கொழும்பு
20.9.1936

அன்பு மருமகளுக்கு,

சலாம். பதில் பிந்திவிட்டது. வேலை அதிகம். மாமி சுகமாக இருக்கிறா, களப்பு இறால் வேண்டும் என்கிறா. உலர்த்தியது இருந்தால் தாத்தாவை அனுப்பச் சொல்.

இத்துடன் உனக்கு ஒரு மைப்பேனை, நல்ல இனம். சட்டைக்குப் பட்டுத் துண்டு ஒன்றும் இருக்கிறது. நிறம் மாமி பார்த்து எடுத்தது.

நீ எழுதியது நன்றாக இருந்தது. படிப்பைக் கவனி. மழைக்கு முன் கூரையைப் பார்க்கச் சொல்லி மச்சானிடம் சொல்.

மாமா


புத்தளம்
1.10.1936

அன்பு மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இறால் அடுத்த ரயிலில் வருகிறது. மாமி ஒரேயடியாகச் சாப்பிடக்கூடாதாம், உம்மாவின் கட்டளை.

பேனையும் பட்டும் கிடைத்தன. இவ்வளவு நல்ல பேனை எங்கள் சிஸ்டரிடமும் இல்லை. பட்டைத் தொட்டுப் பார்த்த உம்மா, "தம்பிக்கு என்ன, சம்பளம் கூட்டிட்டாங்களா?" என்று கேட்டார். கூட்டிவிட்டார்களா? நீங்கள் அப்படி ஒன்றும் எழுதவில்லையே.

மாமா, என் விளக்கத்தை யாரும் பார்த்தார்களா? அந்தப் பாதிரியார் மேசையைத் தட்டினாரா? நன்றாக இல்லை என்றாலும் எழுதுங்கள். நன்றாக இருந்தது என்று ஒரே வரியில் நீங்கள் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை. என் கடிதங்களுக்குப் பக்கம் பக்கமாகச் சண்டை பிடிக்கிறவர் நீங்கள்.

எல்லாருடைய சலாமும்.

கமறியா


கொழும்பு
8.11.1936

அன்பு மருமகளுக்கு,

சலாம். நோன்பு நெருங்குகிறது. மாமிக்கு இந்த வருடம் நோன்பு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு மாறும் யோசனை இருக்கிறது. உனக்குப் பேரீச்சம்பழம் அனுப்பியிருக்கிறேன்.

சும்மா ஒரு யோசனைக்காகக் கேட்கிறேன். கல்லிலே அந்தச் சொல் குகைக்கு அடுத்தாற்போல வருகிறது, ஆகவே அது குகைக்குள்ளே இருக்கும் பொருளாகத்தான் இருக்கவேண்டும், அதாவது கட்டில், என்று ஒருவர் வாதித்தால் நீ என்ன பதில் சொல்லுவாய்? நீ இதையும் யோசித்திருப்பாய். இரண்டு வாரத்துக்குள் எழுதினால் நல்லது. அவசரமில்லை.

தாத்தாவுக்குச் சலாம்.

மாமா


புத்தளம்
22.11.1936

மாமா மஹ்ரூப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பாவும் உம்மாவும் சுகம். மாமி சுகமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு நோன்பு திறக்கும்போதும் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை நோன்பு திறக்க வாப்பாவின் கூட்டாளி, அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்கிற சாஹுல் ஹமீது வந்திருந்தார். கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஓர் இங்கிலீசுப் பத்திரிகையை எடுத்தார். நானும் உம்மாவும் திரைக்கு இந்தப் பக்கம் இருந்தோம்.

"ஹயாத்து முகம்மது, உங்கட மச்சான் துரைமாருக்குப் பாடம் எடுக்கிறார், தெரியுமா?"

"எந்த மச்சான்? கிளாக்கன் மஹ்ரூபா?" என்றார் வாப்பா.

"ஓம். கிளாக்கன்தான். செத்துப்போன ஒரு பாஷையில செத்துப்போன ஒருத்தன் எழுதினதுக்கு அர்த்தம் சொல்லிட்டாராம். நம்மட மையவாடியக் கொண்டே சொல்லிட்டார். இனி உப்புக்காரன் மச்சான் எண்டு சொல்ல அவர் வெக்கப்படுவார், பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டார். சாஹுல் ஹமீது ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்தது என்ன வரும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கழுதை, முள், பூவரசு, வழியில் போகிறவன். எல்லாம் வந்தன. நான் வரவில்லை.

சாஹுல் ஹமீது போனபிறகு பத்திரிகையை எடுத்து நானே வாசித்தேன். ஓர் இடத்தில் மட்டும் நீங்கள் என்னுடையதை மாற்றியிருக்கிறீர்கள். "என் மருமகளை அடக்கிய அன்று மையவாடியின் நடுவே நின்று அந்தக் கிளையைப் பார்த்தபோது இந்த எண்ணம் எனக்கு உதித்தது" என்று கூட்டத்தில் பேசியிருக்கிறீர்கள். மாமா, நடுவே நின்றவருக்கு அது உதிக்காது. நடுவே நின்றவர் குழியைப் பார்த்திருப்பார், மண் அள்ளிப் போட்டிருப்பார். உங்களுக்குத் தாத்தாவின் கபுறு இருக்கும் இடம் தெரியும். அதை அறிய உங்களுக்கு மரம் தேவையில்லை. உள்ளே விடப்படாதவளுக்குத்தான் அது தேவைப்பட்டது. என் விளக்கத்தின் காரணமே அதுதான். அதைப் பிடுங்கிவிட்டு மற்றதைக் கொண்டுபோயிருக்கிறீர்கள். பாதிரியார் கேட்டதும் பதிலை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போட்டீர்கள் என்று பத்திரிகையில் இருக்கிறது, அதற்குக் காரணமும் அதுதான். "சும்மா ஒரு யோசனைக்காக" என்று நீங்கள் எழுதியது இப்போது விளங்குகிறது.

அவருக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. நான் உங்களுக்கு எழுதமாட்டேன்.

கூட்டத்தில் உண்மையைச் சொல்லுங்கள். விளக்கம் புத்தளம் ஹயாத்து முகம்மது மகள் கமறியாவுடையது என்று சொல்லுங்கள். வேறொன்றும் எனக்கு வேண்டாம். பேனையையும் பட்டையும் மாமியின் பெயருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கமறியா


கொழும்பு
30.11.1936

என் அன்பு மருமகளுக்கு,

சலாம். உன் கடிதத்தை மாமி பார்க்கவில்லை. பொதி ஏன் திரும்பி வந்தது என்று கேட்டா. அளவு சரியில்லை என்று சொன்னேன்.

நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. உன் கடிதத்திலிருந்து நான்கைந்து வரிகளை இங்கிலீசில் எழுதித் தலைவரிடம் காட்டினேன். "இது உன் யோசனையா?" என்று அவர் கேட்டார். பதினொரு வருடத்தில் அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது. ஆம் என்று வாயில் வந்துவிட்டது. பிறகு அவர் என்னை மேடையில் ஏற்றினார். நான் அடுக்கிய கதிரைகளில் அவர்கள் உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்டார்கள். ஜனவரியில் உதவி நூலகர் வேலை எனக்குத்தான் என்று பேச்சு. பிள்ளை பிறக்கும்போது நான் கிளாக்கனாக இருக்கமாட்டேன்.

நீயே யோசித்துப் பார். நான் உன் பெயரைச் சொல்லியிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? எட்டாம் வகுப்புப் பிள்ளை என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அந்த விளக்கம் கழகத்தில் நிற்பதே என் வாயால் போனதால்தான். அது மட்டுமில்லை. குமர்ப்பிள்ளையின் பெயர் பத்திரிகையில் வரலாமா? நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது, கடதாசியில் பேர் அடிபட்ட பெண் என்பார்கள். மச்சான் தலைகுனிவார். நான் உன்னை மறைத்தது உன் நன்மைக்கும்தான்.

வேண்டுமென்றால் ஒன்று செய்கிறேன். "குடும்பத்துப் பெண் ஒருவரின் உதவியோடு" என்று சேர்த்துவிடுகிறேன். அது போதாதா?

ஜனவரி ஒன்பதாம் தேதி கூட்டம். பாதிரியாருக்கு நான் பதில் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வேலையும் போய்விடும், மரியாதையும் போய்விடும். கோபத்தில் செயலாளருக்கு எழுதிவிடாதே. கழகத்துக்கு வரும் கடிதங்களைக் கூட்டத்தில் எழுந்து வாசிப்பது என்னுடைய வேலை. நீ எழுதினால் என் வாயாலேயே வாசிக்கவைப்பார்கள். அவ்வளவு கல்நெஞ்சு உனக்கு இல்லை.

பதிலை மட்டும் எழுது, மகள்.

மாமா


புத்தளம்
9.12.1936

மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கு முன் இது உங்களுக்குக் கிடைக்கும். எல்லாரும் சுகம், ஆனால் உம்மா என்னோடு பேசுவதில்லை.

உங்கள் கடிதத்தை நானே உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஒரு வரியும் விடாமல். உம்மா, "தம்பிட சோத்தில மண்ணப் போடாத. உன்னட்ட இருக்கிறது ஒரு சொல்லுதானே, அத அவனுக்குக் குடுத்தா என்ன குறையும்?" என்று கேட்டார்.

"என்னட்டக் கேட்டிருந்தா குடுத்திருப்பன் உம்மா. கேக்காம எடுத்துட்டு, எனக்கு நல்லது செஞ்சதா எழுதுறார்."

வாப்பாவிடமும் சொன்னேன். அவருக்கு லிடியாவும் தெரியாது, லக்ரிஸாவும் தெரியாது. "அர்த்தம் நீ சொன்னதா?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். "பேரப் போட்டு எழுதினா ஊர் கதைக்கும்" என்றார். "கதைக்கட்டும் வாப்பா, என்ட பேர்தானே" என்றேன். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. தொழுகைக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தபால் கந்தோர் வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். வண்டிக்கார யாக்கோபு, "எறங்காதீங்க தங்கச்சி, முதலாளி என்னக் கொல்லுவார், குடுங்க நான் போட்டுட்டு வாறன்" என்றார். திரையை விலக்கி இறங்கி, ஆட்கள் நிற்கிற வரிசையில் நானும் நின்று, பதிவுத் தபாலில் கொடுத்தேன். அனுப்புகிறவர் பெயர் என்ன என்று கந்தோர்க்காரர் கேட்டார். வரிசை முழுவதுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

செயலாளருக்கு நான் எழுதியது இதுதான். விளக்கம் என்னுடையது, கழகத்தின் கிளாக்கனான என் மாமாவுக்குக் கடிதத்தில் எழுதியது, சிஸ்டர் அனஸ்தாசியா அதற்குச் சாட்சி. பாதிரியாருக்கு என் பதில்: கல்லையோ, குகையையோ, லக்ரிஸாவையோ என்று சாபம் ஒவ்வொன்றையும் பிரித்துச் சொல்லுகிறது. குகையைத் தொடாமலே லக்ரிஸாவைச் சேதப்படுத்த முடியும் என்பதால்தானே அதற்குத் தனியாக ஒரு சாபம்? கட்டில் குகைக்குள்ளே இருக்கிறது. அதை உடைக்கப் போகிறவன் குகையை ஏற்கெனவே உடைத்துவிட்டான், அவனைப் பிடிக்கக் குகைக்குரிய சாபமே போதும். அடுத்தாற்போல எழுதப்பட்டதாலே உள்ளே இருக்கவேண்டும் என்றில்லை. எங்கள் வீட்டுக்கு அடுத்தாற்போல இருக்கிற கிணறு எங்கள் வீட்டுக்குள்ளே இல்லை.

கீழே என் பெயர், வாப்பாவின் பெயர், தெரு, ஊர் எல்லாம் எழுதி ஒப்பமிட்டேன்.

கல்நெஞ்சு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் வேலையை இழக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எழுந்து வாசியுங்கள். அல்லது கடிதம் வருவதற்கு முன்பே நீங்களாகவே சொல்லிவிடுங்கள், அது இன்னும் நல்லது.

மாமிக்கு என் அன்பு. அவவிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கமறியா


கொழும்பு
17.1.1937

கமறியாவுக்கு,

சலாம். மாமி சுகம். பிரசவத்துக்கு உம்மாவைத் துணைக்கு அழைக்க நினைத்திருக்கிறோம், அதை நான் தாத்தாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

நான் முன்பே சொல்லவில்லை. கடிதம் எப்படியாவது தவறிவிடும் என்று கடைசிவரை நினைத்தேன். கூட்டத்தன்று செயலாளர் உறையை என்னிடம் நீட்டினார், அவரும் அதைப் பிரித்திருக்கவில்லை. நான் எழுந்து வாசித்தேன். முதல் பந்தியில் விளக்கம் உன்னுடையது என்ற வரியைத் தாண்டிப் போயிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தாண்டவில்லை. ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

"இது உண்மையா?" என்று தலைவர் கேட்டார். ஆம் என்றேன். "அந்தப் பெண்ணுக்கு என்ன வயது?" பதினான்கு என்றேன். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். பாதிரியார் சிரிக்கவில்லை. உன் கடிதத்தை வாங்கி மறுபடி வாசித்துவிட்டு, தான் இன்னமும் கட்டில் என்றே நினைப்பதாகவும், ஆனால் தன் காரணம் போதாது என்று ஒப்புக்கொள்வதாகவும் சொன்னார்.

உதவி நூலகர் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. கதிரை அடுக்க ஆள் வேண்டும்தானே.

கூட்டக் குறிப்பு நான்தான் எழுதினேன். உன் முழுப் பெயரையும் எழுதி வைத்தேன். செயலாளர் அதை வெட்டிவிட்டு "புத்தளத்துப் பள்ளி மாணவி ஒருத்தி" என்று எழுதச் சொன்னார். கழகத்தின் ஏட்டில் உறுப்பினரல்லாத சிறுமியின் பெயர் வேண்டாமாம். அப்படியே எழுதிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் குறிப்பை வாசித்து, திருத்தம் உண்டா என்று தலைவர் கேட்பார். அது ஒரு வழக்கம், அவ்வளவுதான். நான் இருந்த காலத்தில் ஒருவரும் உண்டு என்று சொன்னதில்லை.

நீ விரும்பியது நடந்துவிட்டது. உண்மை எல்லாருக்கும் தெரியும். இத்தோடு விட்டுவிடு, மகள். இனி எனக்குத் தெம்பில்லை.

மாமா


புத்தளம்
24.1.1937

அன்பு மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை உம்மாவுக்கு வாசித்தேன். நீங்கள் அந்த வரியைத் தாண்டவில்லை என்ற இடத்தில் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். பிறகு என்னோடு பேசினார். "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டார், ஆனாலும் பேச்சுத்தான். மாமிக்குத் துணையாக வர உம்மாவுக்குச் சம்மதம். வாப்பா ரயிலில் ஏற்றிவிடுவார்.

அந்த நூலகர் வேலை உங்களுக்குக் கிடைக்காமல் போனதற்கு எனக்கு வருத்தம். அதை எழுதாமல் இருக்க முடியாது. ஆனால் செய்ததற்கு வருத்தமில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் எழுதினால் நானும் உங்களிடம் ஒரு வரியைத் தாண்டினவளாவேன்.

ஊர் கதைத்தது. பெரிய பள்ளிவாசலில் ஒருவர் வாப்பாவைக் கேட்டாராம், "உங்கட மகள் தபால் கந்தோரில பேர் கூப்பிட்டுச் சொன்னாவாமே?" என்று. வாப்பா, "ஓம், அவவுக்குப் பேர் இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். யாக்கோபுதான் வந்து சொன்னார்.

விட்டுவிடு என்கிறீர்கள். பாதிரியார் சொல்வதே சரியாக இருக்கலாம். நாளைக்கு இன்னொரு கல் கிடைத்து, லக்ரிஸா என்றால் கட்டில்தான் என்று எல்லாருக்கும் தெளிவாகிவிடலாம். அதை நான் யோசிக்காமல் இல்லை. அப்படி நடந்தால், புத்தளம் கமறியா சொன்னது பிழை என்று அவர்கள் எழுதட்டும். பள்ளி மாணவி ஒருத்தி பிழைவிட்டாள் என்று எழுதினால் அது எல்லாப் பிள்ளைகளின் தலையிலும் விழும். என் பிழையைச் சுமக்க நான் இருக்கிறேன்.

அந்தக் கல்லில் இத்தனை அறிஞர்களும் சண்டையில்லாமல் வாசித்த ஒரே இடம் எது தெரியுமா? கட்டுரையைத் திரும்பப் படித்தேன். கல்லறைக்காரனுடைய பெயரும் அவனுடைய தகப்பன் பெயரும். மானேஸ், கும்லிஸின் மகன். அவன் யார், என்ன செய்தான், ஒன்றும் தெரியாது. ஆனால் "சார்திஸ் ஊர்க்காரன் ஒருவன்" என்று எழுதச் சொல்லி அவன் யாரையும் விடவில்லை.

குறிப்பை எழுதுகிற கை உங்களுடையது. முதலில் என் பெயரை எழுதியதும் அதே கைதான் என்று நீங்களே சொல்லுகிறீர்கள். வெட்டினது செயலாளர். அடுத்த கூட்டத்தில் அதை நீங்கள் வாசித்து முடித்ததும், திருத்தம் உண்டா என்று தலைவர் கேட்பார்.

உண்டு என்று சொல்லுங்கள், மாமா.

உங்கள் மருமகள்
ஹயாத்து முகம்மது கமறியா